பாயிரத்துக்கு உரியவள்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மேசையில் போட்டிருப்பீர்கள். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்திருக்கும். பரவாயில்லை, இப்போதாவது பிரித்தீர்களே.

நீங்களும் அண்ணனும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து, நீங்கள் அந்த ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. நானும் ஒரு வரி எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. இப்போது காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். அதுவும் உண்மைதான்.

நகராட்சி நீச்சல் குளத்தில் இப்போதும் பெண்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். காலையில் முதல் ஆள் இறங்கும் வரை தண்ணீர் அசையாது. கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் இறங்கி, அடியில் இருக்கும் நீலக் கல் ஒவ்வொன்றும் தெரியும். பேசினால் குரல் சுவரில் போய்த் தொட்டுவிட்டு மெதுவாகத் திரும்பி வரும், வேறு யாரோ பேசியதுபோல. அந்த நேரத்தில் கரையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். அது ஒரு புத்தகமாகிவிட்டது. 'கரையில் நிற்பவர்களுக்கு' என்று பெயர். தண்ணீருக்குப் பயந்துகொண்டே வயதாகிப்போன பெண்கள் நீந்தப் பழகுவது பற்றி.

பதிப்பாளர் ஒருவர் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். மூன்று சொல்லுக்கு ஒருமுறை நிறுத்திப் பேசுகிற மனிதர். அச்சகத்தில் எல்லாரும் அவரைக் காற்புள்ளி என்கிறார்கள், அவருக்கும் அது தெரியும். போன வாரம் கேட்டார்: “புத்தகம், ரெடி. பாயிரம், எங்கே?”

பாயிரம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணி மறுநாளே மறந்த சொல். “முன்னுரைதானே சார், நானே எழுதிடறேன்” என்றேன். மனிதர் பதறிவிட்டார். “தன் புத்தகத்துக்கு, தானே பாயிரமா? தன் முதுகை, தானே தட்டிக்கற மாதிரி!”

பழைய வழக்கம் ஒன்று இருக்கிறதாம். நூல் எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது அழகில்லை. ஆகவே பாயிரத்தை அவர் எழுதக் கூடாது. எழுத உரிமை உள்ளவர்கள் நான்கு பேர்தான்: அவருடைய ஆசிரியர், அவரோடு கூடப் படித்தவர், அவருடைய மாணவர், அந்த நூலுக்கு உரை எழுதியவர். நமக்குச் சொல்லிக்கொடுத்த விசில் சார் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியவில்லை. என் மாணவி எழுதினால் மாதக் கட்டணத்தில் சலுகைக்காக எழுதியதுபோல இருக்கும். நீச்சலுக்கு உரை எழுதுகிறவர் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

கூடப் படித்தது நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் எழுதாவிட்டால், பதக்கம் வாங்கிய வீராங்கனை ஒருவரிடம் அணிந்துரை வாங்கித் தருவதாகக் காற்புள்ளி சொல்கிறார். அந்த அம்மா என்னைப் பார்த்ததே இல்லை. எழுதுவீர்களா?

உங்கள்
நாத்தனார்

*

ஜனவரி 24

அம்மாடி,

இரண்டு நாள் இல்லை, ஐந்து நாள். அதில் ஒரு நாள் அதன் மேல் காப்பித் தம்ளரை வேறு வைத்தேன்.

உன் பழக்கம் மாறவே இல்லை. ஒரு ஊசிநூல் கடன் கேட்பதற்கே வானிலையிலிருந்து ஆரம்பிப்பாய். தண்ணீர் அசையவில்லை, வெளிச்சம் இறங்குகிறது, குரல் திரும்பி வருகிறது, அப்புறம் “எழுதுவீர்களா?” பீடிகையை எல்லாம் நீயே இவ்வளவு நீளத்துக்குப் போட்டுக்கொள்வாய், பாயிரத்துக்கு மட்டும் இன்னொரு ஆள் வேண்டுமாக்கும்.

நான் இருக்கும் இடம் சொல்கிறேன். கீழே சலவைக்கடை, மேலே என் அறை. மத்தியானத்தில் இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது தரை வெதுவெதுப்பாகி, கட்டில் லேசாக அதிரும். விடுமுறை நாளில் அப்படியே படுத்திருந்தால் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸை உரசி ஃப்ரேமில் பொருத்துகிறேன். யாராவது முதல் தடவையாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து, “அட, அந்த மரத்துல இலையெல்லாம் தனித்தனியா இருக்கு!” என்பார்கள். எனக்கு அது பிடிக்கும். நிம்மதியாகத்தான் இருக்கிறேன்.

ஆனால் என்னை அண்ணி என்று கூப்பிடாதே. கோர்ட்டில் நான் போட்டது ஒரே கையெழுத்து. அதில் மனைவி போனாள். அவள் பின்னாலேயே அண்ணி, மருமகள், பெரியம்மா என்று எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உன் அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் ஒரே வீட்டில் இரண்டு லாட்ஜ் அறைபோல இருந்தோம், அவ்வளவுதான். கோபம் உன் மேல்தான். ஊரை விட்டுக் கிளம்பிய அன்று பெட்டியும் கையுமாகக் குளத்து உள்வாசல் கம்பிவேலிக்கு வந்து நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு, முங்கி, தண்ணீருக்கு அடியிலேயே மறுகரைக்குப் போனாய். நான் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆகவே நான் உனக்கு இப்போது யாரும் இல்லை. யாரும் இல்லாதவள் பாயிரம் எழுத முடியாது. காற்புள்ளியாரிடம் சொல்லிவிடு.

புத்தகத்தை மட்டும் அனுப்பு. படிப்பதற்கு உறவுமுறை தேவையில்லை.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரி

*

பிப்ரவரி 6

அன்புள்ள

மேலே இடம் விட்டிருக்கிறேன். என்ன போடுவது என்று தெரியவில்லை, நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அச்சுப்படியை இத்துடன் அனுப்புகிறேன். பிழை திருத்தியாகிவிட்டது, முதல் பக்கங்களை மட்டும் காலியாக வைத்திருக்கிறார்கள்.

அந்த நாளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கேட்கவில்லை, சொல்லியிருக்கிறீர்கள். வேலிக்குப் பின்னால் உங்கள் பச்சைப் புடவையையும் பெட்டியையும் பார்த்தேன். உள்ளே போய்விட்டேன். அடியில் சத்தமே இல்லை, உங்களுக்குத்தான் தெரியுமே. என் கை மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. வெளிச்சம் கயிறு கயிறாகத் தொங்கியது. நான் தலையைத் தூக்காத வரை நீங்கள் போகமாட்டீர்கள் என்று தோன்றியது. சின்னப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியமாட்டோம் என்று நினைக்குமே, அந்த மாதிரி. அந்த நீளம் முழுக்க நான் அதை நம்பினேன். மூச்சு முட்டி மேலே வந்தபோது வேலியில் யாரும் இல்லை.

இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை. அவ்வளவு பிடித்தவர்களை வழியனுப்ப எனக்குத் தெரியாது, அதுதான் விஷயம்.

படித்துவிட்டு எழுதுங்கள்.

நாத்தனார்
(என்னை அப்படிச் சொல்லலாமா என்பதையும் எழுதுங்கள்)

*

பிப்ரவரி 25

அம்மாடி,

படித்தேன். இரண்டு தடவை படித்தேன். நல்ல புத்தகம். பயத்தை நீ விவரித்திருக்கும் இடத்தில் எனக்கே உள்ளங்கால் சில்லிட்டது. அதைச் சொல்லிவிட்டேன், இனி சண்டை.

முதல் வரியில் என்ன எழுதியிருக்கிறாய்? “சிறுவயது முதலே தண்ணீரின் மீது எனக்குத் தீராத ஆசை.” கடையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். கண் பரிசோதனைக்கு வந்தவர் எழுத்தைத் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று பயந்துபோனார். தீராத ஆசையா? உனக்கா? வாளித் தண்ணீரில் முகம் கழுவவே கண்ணை இறுக்கிக்கொள்கிறவள் நீ! குளத்துக்கு நீ வந்தது நீந்துவதற்கா? கல்யாணமாகி வந்த புதிதில் நான் நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும், தனியாக அனுப்ப மனசில்லாமல் உன்னை எனக்குக் காவலுக்கு அனுப்பினார்கள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் நீ உட்கார்ந்திருந்த கோலம் எனக்கு மறக்குமா? அப்புறம் ஒரு நாள் நான்தான், “அங்க உக்காந்து காவல் காக்கறதுக்கு, உள்ள வந்து காவல் காத்தா என்ன?” என்று உன்னைப் படிக்கட்டில் இறக்கினேன்.

சரி, அதை விடு. மூன்றாம் அத்தியாயம், மிதப்பது பற்றி. “கூரையை நாம் பார்க்க வேண்டாம், கூரை நம்மைப் பார்க்கட்டும் என்று ஒரு சிலர் கூறுவர்.”

ஒரு சிலரா? யாரடி அந்த ஒரு சிலர்? ஒருத்திதான் கூறினாள், அந்த ஒருத்தி நான்! மல்லாந்து படுத்துக் கழுத்தை விறைத்துக்கொண்டு நீ முங்கி முங்கி எழுந்தபோது, உன் பிடரியின் கீழ் கை கொடுத்துச் சொன்னேன். அன்றைக்குத்தான் நீ முதன்முதலாக மிதந்தாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ ஒரு முழு அண்ணியை ஒரு சிலருக்குள் மறைத்துவிட்டாய்.

வேலிக்குப் பின்னால் நின்றபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அன்றைக்கு நீ பார்த்த வேகத்தில் யோசிக்காமல் முங்கினாய். இதில் பார்த்து, யோசித்து, எழுதி, பிழை திருத்தி, என்னை இல்லை என்று ஆக்கியிருக்கிறாய்.

பதக்கம் வாங்கிய அம்மாவிடமே கேட்டுக்கொள்.

*

மார்ச் 8

அன்புள்ள

திட்டியதற்கு நன்றி. உண்மையாகத்தான் சொல்கிறேன். அந்தக் கடிதத்தில் உங்கள் குரல் அப்படியே இருந்தது.

நீங்கள் சொன்ன எதையும் மறுக்கமாட்டேன். ஆனால் மறைக்க நினைத்து அப்படி எழுதவில்லை. அந்த இடத்தில் முதலில் 'என் அண்ணி' என்றுதான் எழுதினேன். பிறகு, அண்ணன் வேறு இருக்கிறாரே, அவர் கண்ணில் பட்டால் என்ன நினைப்பார் என்று அடித்தேன். 'என் முன்னாள் அண்ணி' என்று எழுதிப் பார்த்தேன். அப்படி ஒரு உறவு உலகத்தில் உண்டா? கணவனுக்கு முன்னாள் மனைவி உண்டு. நாத்தனாருக்கு முன்னாள் அண்ணி என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'ஒரு தோழி' என்று போட்டேன், பொய்போல இருந்தது. உங்களை நான் ஒருநாளும் தோழி என்று நினைத்ததில்லை. கடைசியில் 'ஒரு சிலர்' ஆகிவிட்டீர்கள். நீங்கள் இல்லாமல் போனால் காவலுக்கு வந்த கதையும் போய்விடுகிறதே! அதனால் தீராத ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது.

குளத்திலும் இதே தொல்லைதான். பழைய ஆட்கள் வந்து, “மிதந்துகிட்டே இருப்பாங்களே ஒருத்தங்க, உங்களுக்கு என்ன உறவு அவங்க?” என்று கேட்கிறார்கள். நான் விசிலை ஊதிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காற்புள்ளியிடம் போய், முதல் வரியையும் மூன்றாம் அத்தியாயத்தையும் மாற்ற வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன், எல்லாவற்றையும். மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். பிறகு, “மாத்த வேணாம்மா, அப்படியே இருக்கட்டும்” என்றார். “பாயிரத்துக்கு, இன்னொரு பேரு, தந்துரை. நூலுக்குள்ள, இல்லாததை, கொண்டுவந்து தந்து, சொல்றது. உள்ள தப்பா இருந்தா, வெளிய நின்னு, ஒருத்தர் சொல்லணும். நீங்களே திருத்தினா, அது உங்க மனசாட்சி. அவங்க சொன்னாதான், பாயிரம்.”

வீராங்கனை அம்மாவிடம் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் எழுதாவிட்டால் பாயிரம் இல்லாமலே வரட்டும் என்றேன். அதற்குக் காற்புள்ளி வாழ்நாளில் முதன்முறையாக நிறுத்தாமல் ஒரு முழு வாக்கியம் பேசினார். அது திட்டு, அதனால் இங்கே எழுதவில்லை. அந்தப் பக்கங்களைக் காலியாக விட்டுக் காத்திருக்கிறார்கள். இந்த மாதம் முடியும் வரை பொறுப்பார்களாம்.

அதே காலியில்தான் நானும் இருக்கிறேன். அந்த வழக்கத்தில் நான்கு பேரைச் சொன்னார்களே, அதில் அண்ணன் மனைவி என்று ஒருவர் இல்லை. கவனித்தீர்களா? கூடப் படித்தவர் என்றுதான் இருக்கிறது. அதைப் பிரிக்கிற கையெழுத்தை எந்தக் கோர்ட்டிலும் யாரும் போடவில்லை.

*

மார்ச் 27

அம்மாடி,

உன் கடைசிப் பத்தியைக் கடையில் வைத்துப் படிக்க முடியவில்லை. லென்ஸ் துடைக்கும் துணியால் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த ஊரிலும் ஒரு குளம் இருக்கிறது. வந்த நாளிலிருந்து அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகத்தான் போய்வந்தேன். போன ஞாயிறு உள்ளே போனேன். டிக்கெட் கொடுக்கிறவர், “நீந்தத் தெரியுமா?” என்றார். “தெரியாது, மிதக்கத் தெரியும்” என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். காது தண்ணீருக்குள் போனதும் ஊர்ச் சத்தம் எல்லாம் தூரத்துக்குப் போயிற்று. கூரையில் தண்ணீரின் நிழல் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கை எது கால் எது என்றே தெரியவில்லை. பக்கத்தில் நீ இருந்தாய். நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன், பார்த்ததில் மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது.

வந்து எழுதினேன். கூடவே வைத்திருக்கிறேன். காற்புள்ளியார் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளட்டும், சொல்லை மாற்றக் கூடாது.

இன்னொன்று. என்னை அண்ணி என்றே கூப்பிடு. வேறு எப்படிக் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

அண்ணி

*பாயிரம்*

*இந்த நூலை எழுதியவள் தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறவள். முதல் வரியில் அவள் வேறு மாதிரி எழுதியிருக்கிறாள், நம்ப வேண்டாம். அவள் குளத்துக்கு முதலில் வந்தது என்னைக் காவல் காக்க. பெஞ்சில் இருந்தவளைத் தண்ணீரில் இறக்கியது நான். இறங்கியவள் ஏறவே இல்லை.*

*நாங்கள் இருவரும் ஒரே ஆசிரியரிடம் கற்றோம். அவர் விசிலால் பேசுவார். ஒரு ஊதல் என்றால் கையை நீட்டு, இரண்டு என்றால் காலை உதை, நீளமாக ஊதினால் எங்கள் இருவரையும் பார்த்து அவருக்கு வாழ்க்கை வெறுத்துவிட்டது என்று அர்த்தம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாணென்ன முழமென்ன என்பார்கள். அப்படிச் சொன்னவர் நீச்சல் கற்றுக்கொண்டவர் இல்லை. சாணுக்கும் முழத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது மூக்கில் தண்ணீர் போனவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தூரத்தைத்தான் இவள் இந்த நூலில் எழுதியிருக்கிறாள்.*

*எனக்குக் கடைசி வரை நீந்த வரவில்லை. மிதக்க மட்டும் வந்தது. இவளுக்கு மிதப்பதைத் தவிர எல்லாம் வந்தது. ஆகவே நான் அவளுக்கு மிதப்பதைச் சொல்லிக்கொடுத்தேன், அவள் என்னை இழுத்துக்கொண்டு மறுகரைக்குப் போனாள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சிலர் என்று வரும். அது பலர் இல்லை.*

*யார் படிக்க வேண்டும் என்றால், கரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். அவர்கள் எந்தக் குளத்திலும் இருப்பார்கள். படித்தால் நீச்சல் வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்ற தைரியம் வரும்.*

*ஒரு குறை உண்டு. தண்ணீருக்குள் எப்படிப் போவது, எப்படி மூச்சை அடக்குவது, எவ்வளவு நேரம் இருப்பது என்று எல்லாம் எழுதிய இவள், எப்போது தலையைத் தூக்க வேண்டும் என்பதைச் சரியாக எழுதவில்லை. நான் சொல்கிறேன். கரையில் யாராவது உனக்காக நின்றால் உடனே தூக்க வேண்டும்.*

*இவளோடு கூடப் படித்தவள்*

*

மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

புத்தகம் வந்துவிட்டது. உங்கள் பிரதிகள் தனிப் பார்சலில் வருகின்றன. பாயிரத்தில் காற்புள்ளி ஒரே ஒரு காற்புள்ளிகூடச் சேர்க்கவில்லை, சத்தியம். கடைசிக் குறையைப் படித்துவிட்டு, “இது, இருக்கட்டுமா?” என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

நேற்று மத்தியானம் அண்ணன் வந்தார். மேசையில் இருந்ததை எடுத்துப் புரட்டினார். பாயிரம் வந்த பக்கத்தில் கை நின்றது. நின்றுகொண்டே படித்தார். எழுதியது யார் என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்திருக்கும். நான் துணி மடிப்பதுபோல ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். ஏன் இப்படிச் செய்தாய், எங்களுக்குள் முடிந்துபோனதை ஏன் அச்சில் போட்டாய் என்று கேட்பார் என்றுதான் நினைத்தேன்.

முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பார்த்தார். “இதுல நான் எங்கயுமே இல்லையே” என்றார்.

“இல்லண்ணா. இது நாங்க ரெண்டு பேரும் படிச்சது.”

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் மணி ஒன்று அடித்துக்கொண்டு போயிற்று. பிறகு கேட்டார்:

“அவ மிதப்பாளா? பன்னெண்டு வருஷம், எனக்குத் தெரியவே தெரியாதே.”

“எனக்குத் தெரியும்ணா” என்றேன்.

அண்ணி, இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை வண்டியில் அங்கே வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். அந்தக் குளம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள், நேராக அங்கேயே வந்துவிடுகிறேன்.

உங்கள்
நாத்தனார்